நாற்காலி கேசட் ஓடிய அன்று நான் அழவில்லை

அப்பு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். மீட்டிங் முடிந்து நீயே கூப்பிட்டு "சொல்லும்மா" என்கிறபோது எனக்குச் சொல்ல வந்ததில் பாதி மறந்திருக்கும், மீதி பாதியைச் சொல்லும் கோபம் போயிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியதை உன் தங்கை டைப் செய்து, நீ பேசுகிற அதே சேனலின் பக்கத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி போடப் போகிறாள். நீ நம் வீட்டுக் கதையை ஊரறியச் சொன்னாய். நானும் ஊரறியவே பதில் சொல்கிறேன். கோபப்படாதே. கோபப்படத்தான் வேண்டும் என்றால் முழுக்கப் படித்துவிட்டுப் படு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நேரலையில் வந்தாய். வழக்கம்போலப் பழைய ராக், மெட்டல் ஆல்பங்களையெல்லாம் வரிசைப்படுத்தினாய், எது உசத்தி, எது மட்டம் என்று. நானும் வேலைக்கு வந்த பேச்சியம்மாளும் ஏலக்காய் தரம் பிரிக்கிற நம் ஷெட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் பக்கத்தில் நிவேதா இருந்தாள். அடுத்த மாதம் உனக்குக் கழுத்தை நீட்டப் போகிற பெண், முதல்முறையாக உன் நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறாள், அழகாகத் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருக்கிறாள். "உனக்குப் பிடிச்ச ஆல்பம் எது?" என்று நீதான் கேட்டாய். அவள் சொன்னாள். நம் வீட்டில் நாற்காலி கேசட் என்று சொல்வோமே, அதைத்தான் சொன்னாள். நீ சிரித்தாய். "அது காது இல்லாதவங்களுக்காகப் போட்ட ஆல்பம். சவுண்டு முழுக்க ஒரே குளிரு. உயிரே கிடையாது" என்றாய். அதோடு விட்டாயா? நாம் ஏலத்தோட்டத்தை விட்டு மலையிலிருந்து இறங்கிய கதையை எடுத்தாய். அன்றைக்கு அப்பா தன் துக்கத்துக்கு இந்த ஆல்பத்தைத்தான் தேர்ந்தெடுத்தார், வழி முழுக்க இதுதான் ஓடியது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார், இப்படி ஒரு ஆல்பம் எப்படி நல்ல ஆல்பமாக இருக்க முடியும் என்று முடித்தாய். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகளை அனுப்பினார்கள். நிவேதாவும் உதட்டால் சிரித்தாள். பிறகு காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "பிள்ள மொகம் செத்துப்போச்சு, பாத்தீங்களாக்கா?" என்று பேச்சியம்மாள் கேட்டாள். நானும் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, அடுத்த ஆல்பத்துக்குப் போய்விட்டாய்.

நேற்று அவளுடைய அம்மா திருச்சியிலிருந்து கூப்பிட்டார். "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. கல்யாணத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வச்சுக்கலாமா? நிவேதா யோசிக்கணும்ங்கிறா" என்றார். ஒரு பாட்டுக்காகவா கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று உன் தங்கையிடம் கத்தினாயாம். நீ வாரா வாரம் பாட்டுக்காக ஊரில் உள்ள எல்லோரிடமும் சண்டை போடுகிறாய். அவள் ஒரு வாரம் உன்னிடம் சண்டை போட்டால் மட்டும் அது வெறும் பாட்டு ஆகிவிடுமா? இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் பேசத் தகுதி உண்டு. நீ தவழுகிற வயதில் கேட்ட சத்தமெல்லாம் நான் சமைத்துக்கொண்டே கேட்ட சத்தம்தான்.

இந்தக் கேசட்டுகள் நம் வீட்டுக்கு வந்த விதமே உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உங்கப்பா மதுரையில் பாலிடெக்னிக் படித்தபோது ஹாஸ்டலில் அவரோடு ஒரு கோட்டயத்துப் பையன் இருந்தான். அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளையெல்லாம் வெற்றுக் கேசட்டில் பதிந்து இவருக்குக் கொடுத்தான். அட்டை கிடையாது, பெயர் கிடையாது, பாடுகிறவன் யார் என்றுகூடப் பாதிக்குத் தெரியாது. அட்டை இல்லாமல் எப்படி என்று இவரே காகிதம் வெட்டிப் படம் வரைந்து வைத்தார். கற்பனைக்கெல்லாம் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி எதிரே என்ன இருந்ததோ அதை வரைந்தார். அப்படித்தான் ஒன்று நாற்காலி கேசட், ஒன்று வாளி கேசட், ஒன்று சன்னல் கேசட். நீ கல்லூரிக்குப் போன பிறகு இன்டர்நெட்டில் உண்மையான அட்டையைக் கண்டுபிடித்து "அம்மா, இதுல நாற்காலியே இல்லம்மா!" என்று அதிர்ந்துபோனாய். உங்கப்பாவும் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் வரைஞ்சதே தேவல" என்று போய்விட்டார்.

கல்யாணமாகி நான் மலைக்குப் போனபோது இந்தச் சத்தம் எனக்குத் தலைவலியாகத்தான் இருந்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. இப்போது ஷெட்டில் நானே போடுகிறேன் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. முதல்நாள் போட்டபோது பேச்சியம்மாள், "இவன் எதுக்குக்கா இப்பிடிக் கத்துறான், பல்லு வலியா?" என்றாள். இன்றைக்கு மாலைக்குள் லோடு ஏற்ற வேண்டும் என்றால் அவளே, "அக்கா, அந்தப் பல்லு வலிக்காரனப் போடுங்க. வெரசா சோலி முடியட்டும்" என்கிறாள். கை தானாக ஓடுகிறதாம். அவளைக் கேட்டால் அந்த ஆல்பத்துக்கு முதலிடம் கொடுப்பாள். நீ சொல்கிற கிட்டார் வாசிப்பு, ரெக்கார்டிங் எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தப் பாட்டு ஓடிய நாட்களில் அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். அது ஒரு காரணம் இல்லையா?

நீ முதலிடம் கொடுக்கிற ஆல்பத்துக்கு வா. நம் வீட்டில் அதற்குப் பெயர் வாளி. உலகமே கொண்டாடுகிற ஆல்பம் என்கிறாய், இருக்கட்டும். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உன் குரலே மாறிவிடுகிறது. "இந்த ரெக்கார்டிங்ல இருக்கிற கதகதப்பு வேற எதுலயும் கெடையாது" என்கிறாய். வால்வு ஆம்ப்ளிஃபையர் என்கிறாய், டேப் என்கிறாய், அந்த ஸ்டுடியோவின் மரத்தரை என்கிறாய். நான் சிரித்துக்கொள்வேன். அப்பு, அந்தக் கதகதப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது நம் ஸ்டோரின் சுவர்.

மலையில் ஏலக்காயைக் காயப்போடுகிற கட்டடத்தை ஸ்டோர் என்போமே, அதைத்தான் சொல்கிறேன். உள்ளே குழாய் வழியாகச் சூடு ஓடும், வெளிச்சுவர் தொட்டால் தாய்க்கோழியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். மழை விடாமல் கொட்டி, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் நீ நேராக அங்கேதான் ஓடுவாய். சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்காருவாய். நான் கப்பைக்கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கிக் கொண்டுவந்து வைப்பேன். உங்கப்பா சாக்குமேல் டேப் ரெக்கார்டரை வைத்து வாளி கேசட்டைப் போடுவார். காரம் தாங்காமல் நீ ஊதிக்கொண்டே தலையை ஆட்டுவாய். அந்த நேரத்தில் அவர் டிரம்ஸ் வாசிக்கிற மாதிரி உன் மண்டையில் தட்டுவார். உன் வாழ்க்கையிலேயே நீ மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று என்னைக் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அந்தச் சுவர் முதுகில் பட்ட சூட்டைத்தான் நீ இன்றைக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் என்று ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறாய்.

அந்த ஆல்பம் மோசம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கும். ஆல்பத்துக்கு என்று ஒரு தரம் கிடையவே கிடையாது என்றும் சொல்லவில்லை. டிரம்ஸ்காரன் தாளம் தப்பினால் தப்பியதுதான், அதில் என் நினைப்பும் உன் நினைப்பும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பத்துக்குப் பத்து போடும்போது அதில் எத்தனை பாட்டுக்காரனுக்கு, எத்தனை கப்பைக்கிழங்குக்கு என்று உனக்கே தெரியாது. தெரியாத கணக்கை வைத்துக்கொண்டு அடுத்தவளுக்குக் காது இல்லை என்று எப்படிச் சொல்வாய்?

சரி, நாற்காலிக்கு வருகிறேன். நீ ஊருக்குச் சொன்ன கதையில் உள்ளது உன் கண்ணுக்குத் தெரிந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததை இப்போது கேள்.

பங்கு பிரித்தபோது மலைத்தோட்டம் பெரியப்பாவுக்கும் போடி வீடு நமக்கும் என்று முடிவானது. உங்கப்பாவுக்கு அது உயிரே போன மாதிரி. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு செடியையும் அவர் பார்த்து வளர்த்தது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒரு வாரம் போடியில் இருந்துவிட்டு வருவோம் என்று சொல்லிவைத்தார். சாமானையெல்லாம் ஜீப்பில் ஏற்றினோம். கடைசியில் ஆட்கள் அம்மியைத் தூக்கி ஏற்றியபோதுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். ஜீப் போடிமெட்டு தாண்டி வளைவுகளில் இறங்க ஆரம்பித்த பிறகு, என் சீட்டுக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நீ என் தோளைத் தொட்டு, "ஒரு வாரத்துக்கு அம்மி எதுக்கும்மா?" என்று கேட்டாய். நான் "அரைக்கத்தான்" என்றேன். சொல்லிவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நீ நினைத்துவிட்டாய். இத்தனை வருஷமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

நான் அழவில்லை அப்பு. சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. உனக்கும் உங்கப்பாவுக்கும் தெரியக் கூடாது என்றுதான் திரும்பிக்கொண்டேன். மலை உனக்கும் அவருக்கும் சொர்க்கம். எனக்கு அது ஈர விறகு, ஊதி ஊதிச் சிவந்த கண், காலைப் பிடித்து ரத்தம் குடிக்கிற அட்டைகள், மாதக்கணக்கில் காயாத துணி. அடுப்பில் என்ன வைக்க வேண்டும் என்பதைக்கூடப் பெரியம்மாதான் சொல்வார். நான் போடியில் பிறந்து வெயிலில் வளர்ந்தவள். எனக்கென்று ஒரு தொழில் வேண்டும், என் பேச்சுக்கு நாலு பேர் நிற்க வேண்டும் என்று கனவு கண்டவள். அந்த அம்மியை ஜீப்பில் ஏற்றியபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இனிமேல் அதில் நான் நினைத்ததை அரைக்கலாம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என் வாழ்க்கையின் மிக நல்ல நாட்களில் அது ஒன்று, அவ்வளவுதான்.

பாதி மலை வரைக்கும் ஒரே மூடுபனி. உன் பக்கத்துப் படுதா கிழிந்திருந்தது, பனி நேராக உன்மேல் அடித்தது, நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். சாக்கை இழுத்துப் போர்த்தச் சொன்னேன், கோபத்தில் நீ போர்த்தவில்லை. அப்போது நாற்காலி கேசட்டின் முதல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு அந்த ஆல்பம் அங்கேயே நின்றுவிட்டது, அதனால்தான் சவுண்டு குளிருகிறது என்கிறாய். எனக்கு அப்படி இல்லை. மலையடியில் இருக்கிற முந்தல் நெருங்க நெருங்கப் பனி விலகியது. கேசட் டெக்குக்குள் தானாகவே திரும்பி இரண்டாவது பக்கம் ஆரம்பித்தது. அந்த வேகமான கிட்டார் எடுத்த எடுப்பில் அடிவாரத்து வெயில் பளீரென்று என் முகத்தில் அடித்தது, புளியமரத்துக் காற்று சூடாக உள்ளே வந்தது. இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு வெயில் அடிக்கும். ஒரே ஜீப், ஒரே கேசட், நம் இருவருக்கும் நடுவில் ஒரு சீட்டுதான் இருந்தது. உனக்கு அது உலகத்திலேயே குளிரான ஆல்பம், எனக்குச் சூடான ஆல்பம். இப்போது சொல், நம் இரண்டு பேரில் யாருக்குக் காது இல்லை?

இதில் இன்னொருவரும் இருக்கிறாரே. திங்கட்கிழமை உங்கப்பாவைக் கேட்டேன். காது இப்போது கொஞ்சம் மந்தம், அதனால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"ஏங்க, அந்த நாற்காலி கேசட்டு எப்படிங்க?"

"நாற்காலியா? சுமாருதான். டிரம்ஸ் அடிக்கிறவன் மட்டும் ஆளு. மத்தவங்க சும்மா நிக்கிறாங்க."

"அப்புறம் எதுக்கு அன்னைக்கு மலையெறங்குற வரைக்கும் அதையே போட்டீங்க? துக்கத்துக்குன்னு தேடி எடுத்துப் போட்டீங்கன்னு உங்க மகன் ஊரெல்லாம் சொல்றான்."

"நான் எங்க போட்டேன்? அது டெக்குல மாட்டிக்கிச்சுல்ல. ஸ்க்ரூடிரைவர் வச்சு நோண்டியும் வரல. ஜீப்ப விக்கிறப்போ கேசட்டோடதானே குடுத்தேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீ எத்தனை வருஷமாக அதற்கு என்னென்ன அர்த்தமெல்லாம் சொல்லியிருக்கிறாய்! ஆனால் நான் விடவில்லை. மாட்டிக்கொண்டால் என்ன, அணைத்திருக்கலாமே என்றேன். அவர் கையில் இருந்த தம்ளரைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அணைச்சிருந்தா அப்பு ஏதாச்சும் கேட்டிருப்பான். எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார். எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். அவருக்கு அந்த ஆல்பம் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நீ எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தார். இதைக் கேட்டபோது எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கே இது தெரியாது. ஏன் தெரியாது? நான் கேட்கவில்லை, அதனால்தான்.

மலை அவரை இன்னும் விடவில்லை என்பதற்கு நம் ஷெட்டே சாட்சி. பெரியப்பா தோட்டத்துக் காயும் பிரிப்பதற்கு நம்மிடம்தான் வருகிறது. அந்தத் தோட்டத்து மூட்டை என்று தெரிந்தால் போதும், உங்கப்பாவுக்கு வெடித்த காய் முழுக்காயாகத் தெரியும், வெளுத்த காய் பச்சையாகத் தெரியும். எல்லாவற்றையும் அள்ளி முதல் தரத்தில் போட்டுவிடுவார். ஒரு தடவை வாங்கியவர் மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். எந்த மூட்டை வந்தாலும் தரம் பார்த்து முடிகிற வரைக்கும் யார் தோட்டம் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அவர் மட்டும் விடுவாரா? ஒரு பிடி எடுத்து முகர்ந்து, கண் கலங்கி, "இது நம்ம மலைக் காயி" என்பார். போன மாதம் அப்படிக் கண் கலங்கிய மூட்டை வண்டன்மேட்டுப் பக்கம் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது. பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

மூட்டையில் உள்ள பெயரை நான் மறைத்துவிடலாம். பாட்டில் உன்னால் அப்படிச் செய்ய முடியாது. காதுக்குள் போன நாள் போனதுதான், அதைப் பிரித்து எடுத்துத் தனியாக வைக்க ஆகாது. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீ உன் வரிசையைப் போடு, மார்க்கும் போடு, எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். அதோடு சேர்த்து இதை நான் இந்த இடத்தில், இப்படி உட்கார்ந்து கேட்டேன் என்றும் சொல். வாளி கேசட்டைப் பற்றிப் பேசும்போது சுவரைச் சொல், மிளகாயைச் சொல், உங்கப்பா மண்டையில் தட்டியதைச் சொல். உன் மரத்தரையையும் ஆம்ப்ளிஃபையரையும்விட அது நன்றாக இருக்கும் என்று நான் சத்தியமே செய்வேன். நாற்காலி பிடிக்காது என்றால் பிடிக்காது என்று சொல், கிழிந்த படுதாவோடு சேர்த்துச் சொல். அதற்குப் பிறகு யாரும் உன்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள். அவரவர் ஜீப்பை நினைத்துக்கொள்வார்கள்.

கல்யாணத்துக்கும் இதுதான் நான் சொல்வது. வீடு பார்ப்பது, சமையல், சம்பளம் இதெல்லாம் நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வீர்கள், படித்தவர்கள். ஆனால் அவளும் ஏறக்குறைய முப்பது வருஷ வாழ்க்கையோடுதான் வருகிறாள். அவளுக்கு ஒரு பாட்டு பிடிக்கிறது, ஒரு குழம்பு பிடிக்கவில்லை, ஒரு ஊர்ப்பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நாள் இருக்கும். நீ அந்த நாளில் அங்கே இல்லை. இல்லாத நாளைப் பற்றித் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே முறை.

செவ்வாய்க்கிழமை நிவேதா எனக்குப் போன் செய்தாள். அவளிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "அத்தை, சாப்பிட்டீங்களா, மாமாவுக்குக் காது எப்படி இருக்கு" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். நான்தான் கேட்டேன்.

"ஆத்தா, அந்த ஆல்பத்த நீ மொதமொத எங்க வச்சுக் கேட்ட?"

லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை அலோ என்றேன்.

"இத என்கிட்ட யாருமே கேட்டதில்ல அத்தை" என்றாள்.

"அவன்கூடவா கேக்கல?"

"எந்த வருஷம் வந்துச்சு, யார் மிக்ஸ் பண்ணாங்க, ஏன் அது ஓடலன்னு எல்லாம் சொல்லுவான் அத்தை. கேட்டதில்ல."

பிறகு சொன்னாள். நீளமாகச் சொன்னாள், நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகு அன்றைக்கு என்னால் காய் பார்க்க முடியவில்லை. பேச்சியம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். உன் தங்கைக்கும் சொல்லவில்லை, உங்கப்பாவுக்கும் சொல்லவில்லை. நீ போன் செய்து கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். அது நீ கேட்டு அவள் வாயால் உனக்குச் சொல்ல வேண்டியது. அதற்குப் பிறகும் அந்த ஆல்பம் உனக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்கவில்லை என்றே அவளிடம் சொல், அவள் தாங்குவாள், அந்தப் பிள்ளை அதைவிடப் பெரியதையெல்லாம் தாங்கியிருக்கிறாள். ஆனால் காது இல்லாதவர்கள் என்ற சொல் அதற்குப் பிறகு உன் வாயில் வராது, அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நாளைக்கே திருச்சிக்குப் பஸ் ஏறு. சேனலில் மன்னிப்புக் கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அவள் சொல்லும்போது குறுக்கே வருஷம் சொல்லாதே. கல்யாணத்தைத் தள்ளிப்போட நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "ஞாயிறு வரைக்கும் பொறுங்க சம்பந்தி, என் மகன் உங்க வீட்டுக்கு வந்து உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு கேப்பான். அதுக்கப்புறம் அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்று நேற்றே அவள் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வருவாய் என்று நான்தான் சொன்னேன். நிவேதா பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். "கேப்பானா அத்தை?" என்று போனில் அவள் குரல் கேட்டது.